மந்தாகினியின் நாழிகைக் கணக்கு

கேதாரம் செல்லவிருக்கும் தமிழ்நாட்டு யாத்திரை கோஷ்டியினருக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய யாத்திரிகர்களே,

மகாசிவராத்திரியன்று உகீமடத்து ஓங்காரேசுவரர் ஆலயத்தில் பஞ்சாங்கம் பார்த்து, கேதாரநாதர் சந்நிதியின் நடை திறக்கும் நாளை அறிவித்துவிட்டார்கள் என்ற செய்தி வெளியான மறு வாரமே, நம்மூர்ச் சுவர்களில் யாத்திரை விளம்பரங்கள் முளைக்கத் தொடங்குகின்றன. எத்தனை நாள் பிரயாணம், எந்த ஊரில் தங்கல், சமையற்காரர் கூடவே வருகிறாரா, காலையில் இட்லி கிடைக்குமா என்பன போன்ற சகல விவரங்களும் அவற்றில் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. நீங்கள் ஏறப்போகும் மலையிலே அந்த வாரத்தில் பனி எவ்வளவு கிடக்கும், வானத்திலிருந்து விழுவது எந்த உயரம் வரையில் மழையாக விழும், ஆறு எந்த வேளையில் பெருகும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் காணோம். விளம்பரம் எழுதினவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் எழுதினார்கள். முப்பது வருஷ காலம் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, அந்த மலைப்பாதையில் இரண்டு தடவை நடந்துவிட்டு வந்தவனாகிய நான் எனக்குத் தெரிந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதலானேன். உங்களைப் போகவேண்டாம் என்று தடுக்கும் உத்தேசம் எனக்கு அணுவளவும் கிடையாது. போங்கள், ஆனால் திரும்பி வருவதற்கு வாங்கியிருக்கிறீர்களே ரயில் டிக்கெட்டு, அதன் தேதியை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். இந்த மடல் முழுவதும் அந்த இரண்டு நாளைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. பனி என்ற சொல்லை நாம் எவ்வளவு இலேசாகப் பிரயோகிக்கிறோம்! மார்கழி விடியலில் கோலப்பொடியை நனைப்பதும் பனி. கொடைக்கானல் மலைச்சாலையில் வண்டி விளக்கை விழுங்குவதும் பனி. தை மாதத்தில் உதகையின் புல்வெளி மீது உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடந்து, வெயில் ஏறியதும் இருந்த இடம் தெரியாமல் போவதும் பனி. ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர் அவற்றுள் இரண்டைப் பனிக்கென்றே ஒதுக்கினார்கள் என்றாலும், அந்த முன்பனியும் பின்பனியும் ஒரு கம்பளிப் போர்வையோடு தீர்ந்துபோகிற விஷயங்கள். எனவே, கேதாரத்தில் பனி இருக்கும் என்று யாராவது சொன்னால், நமக்கு உடனே குளிர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் வாங்கிக்கொண்டு, ஆயத்தம் முடிந்துவிட்டதாக நிம்மதி அடைகிறோம். அங்கே பனி என்பது குளிர் அன்று. அது ஓர் எடை. அப்போதுதான் விழுந்த பனியில் ஒரு கன மீட்டர் சுமார் 100 கிலோ இருக்கும். அதுவே குளிர்காலமெல்லாம் கிடந்து அமுங்கி, பகலில் இளகி இரவில் இறுகி, சித்திரை வைகாசியில் நன்றாகப் பழுத்த நிலையில் 400 முதல் 500 கிலோ வரை கனக்கும். அதாவது உங்கள் தலைக்கு மேலே சரிவுகளில் வெள்ளை வெளேரென்று தெரிகிறதே, அது பாதிக்குப் பாதி தண்ணீர். தண்ணீர் மலையுச்சியில் கால் மடித்து உட்கார்ந்திருக்கிறது. எப்போது எழுந்திருக்கும் என்பதுதான் கேள்வி.

திருக்கேதாரத்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவு பழமையானது. ஞானசம்பந்தரும் சுந்தரரும் அந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார்கள். ஆனால் இருவருமே காளத்தியில் இருந்தபடியே வடக்கு நோக்கிப் பாடினார்கள் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. நமக்கு அவ்வளவு பக்குவம் இல்லாமையால் கௌரிகுண்டம் வரையில் மோட்டாரிலும், அதற்கப்பால் பதினாறு கிலோ மீட்டர் கால்நடையாகவோ, கோவேறு கழுதை மீதோ, நாலு பேர் தூக்கும் டோலியிலோ போகவேண்டியிருக்கிறது.

அந்த இடத்தின் அமைப்பைச் சற்று மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆலயம் கடல் மட்டத்திலிருந்து 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு நேர் பின்னால் சுவர் எழுப்பினாற்போல் நிற்கும் கேதாரநாத் சிகரம் 6,940 மீட்டர்; பக்கத்திலே குடை கவிழ்த்தாற்போல் இருக்கும் கேதார் டோம் 6,831 மீட்டர். இந்தச் சிகரங்களின் மடியிலிருந்து சோராபாரி என்ற பனியாறு இறங்கி வருகிறது. அதன் வாயிலிருந்து பிறப்பவளே மந்தாகினி. பக்கத்திலுள்ள மற்றொரு பனியாற்றிலிருந்து சரஸ்வதி என்ற சிற்றாறு வருகிறது. இரண்டுக்கும் நடுவே, அந்தப் பனியாறுகள் முற்காலத்தில் அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய கற்குவியல் மேடையின் மீதுதான் ஆலயமும் ஊரும் அமைந்திருக்கின்றன. கௌரிகுண்டம் சுமார் 1,980 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால், கௌரிகுண்டத்தில் 20 டிகிரி இருக்கும்போது ஆலய வாசலில் 10 டிகிரி இருக்கும். இன்னும் ஆயிரத்தைந்நூறு மீட்டர் மேலே போனால் பூஜ்யம். சிகரத்திலோ பூஜ்யத்துக்குக் கீழே 12. இந்தப் பூஜ்யக் கோடு இருக்கிறதே, அதுதான் மலையின் சூத்திரக் கயிறு. அதற்கு மேலே விழுவதெல்லாம் பனியாகி அங்கேயே தங்கிவிடும்; கீழே விழுவதெல்லாம் மழையாகி உடனே ஓடிவரும். மேகம் ஒன்றுதான், பெய்யும் அளவும் ஒன்றுதான். கோடு ஐந்நூறு மீட்டர் மேலே ஏறினால், தங்க வேண்டிய நீர் தங்காமல் ஆற்றுக்கு வந்து சேர்கிறது.

மார்கழி முதல் பங்குனி வரையில் அந்தப் பிரதேசத்துக்குப் பனியைக் கொண்டுவருவது நம்முடைய பருவக்காற்று அன்று. மத்தியதரைக் கடல் பக்கத்தில் கிளம்பி, பாரசீகத்தையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து, கிழக்கு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக வந்து இமயத்தில் முட்டிக்கொள்ளும் மேலைக் காற்றுச் சுழல்களே அந்தக் கைங்கரியத்தைச் செய்கின்றன. வானிலைத் துறையார் இவற்றை மேற்கத்திய இடையூறு என்று அழைக்கிறார்கள். இடையூறு என்று பெயர் வைத்தது சமவெளிக்காரர்களாகத்தான் இருக்கவேண்டும். மலைக்கு இவையே சோறு. இவை போட்டு மூடும் பனியினால்தான் தீபாவளிக்குப் பின் வரும் யமத்விதியையன்று கேதாரத்தின் நடை சாத்தப்பட்டு, ஸ்வாமியின் உற்சவமூர்த்தி உகீமடத்துக்கு எழுந்தருளுகிறார். அந்த ஆறு மாதமும் பூஜை அங்கேதான். ஸ்வாமியே பருவத்துக்குக் கட்டுப்பட்டுக் கீழே இறங்கிக் காத்திருக்கும் க்ஷேத்திரத்துக்குப் போகும் நாம், ஒரு நாள் வழியிலுள்ள சோன்பிரயாகையில் நிறுத்திவைத்தால் போலீஸ்காரரிடம் சண்டை பிடிக்கிறோம். என் முதல் யாத்திரையின்போது நானும் சண்டை பிடித்தவன்தான்.

நடை திறந்துவிட்டார்கள் என்பதற்காகக் குளிர்காலம் முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி நடை திறந்தபோது பனி பெய்துகொண்டிருந்தது. மேலும் பெய்ததனால் புதிதாகப் பெயர் பதிவு செய்துகொள்வதையே அதிகாரிகள் நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்த வாரங்களில் போகிறவர்கள், வழியிலுள்ள லிஞ்சோலி என்ற இடத்துக்கு மேலே, பாதையை மறித்துக் கிடக்கும் பனிப்பாளத்தை வெட்டி அமைத்த வழியில் நடக்கவேண்டியிருக்கும். இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் வெள்ளைச் சுவர் நிற்கும். கடேரா என்றால் அந்த ஊர்ப் பாஷையில் மலையோடை. குபேர் கடேரா, பைரவ் கடேரா என்று பெயர் பெற்ற இந்த ஓடைகள்தாம் மேலேயிருந்து பனிச்சரிவு இறங்கும் ராஜபாட்டைகள். நம்மவர்கள் சரியாக அந்த இடத்தில் நின்று, குடும்ப சமேதராகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும், ஆனால் காலை ஒன்பது மணிக்குள் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடவேண்டும். இரவில் இறுகிய பனி விடியலில் கல்லைப்போல் இருக்கும். உச்சி வெயில் பட்டபின் அதற்குள் நீர் ஊறி, அடியிலுள்ள பாறையோடு அதற்கிருந்த பிடிப்புத் தளர்ந்துவிடும். புதுப்பனி விழுந்து ஓய்ந்து, வானம் நிர்மலமாக வெளுத்து, வெயில் சுள்ளென்று அடிக்கும் முதல் பகலைத்தான் எல்லோரும் நல்ல நாள் என்று கொண்டாடுகிறார்கள். பனிச்சரிவுக்கும் அதுதான் நல்ல நாள்.

இனி ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த விஷயத்தில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

2018-ஆம் ஆண்டு வைகாசியில், ஆலயத்துக்குச் சற்றுக் கீழே மந்தாகினியின் கரையில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நின்றேன். நதி என்று சொல்லக் கூசும் அளவுக்கு மெலிந்து, கற்களின் இடுக்கில் தெளிந்த ஜலமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கோஷ்டியைச் சேர்ந்த ஓர் அம்மாள் நாலைந்து கல் தாண்டி, நட்ட நடுவில் இருந்த ஒரு தட்டைப் பாறையின்மேல் உட்கார்ந்து, செம்பில் தீர்த்தம் மொண்டு, சங்கல்பம் செய்துகொண்டு திரும்பி வந்தார். அன்று மாலை நான்கு மணிக்கு, அந்தப் புண்ணியத்தில் பங்கு கொள்ள விரும்பிய மற்றவர்களை அழைத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போனோம். தட்டைப் பாறையைக் காணவில்லை. அது இருந்த இடத்தின்மேல் சாம்பல் நிறத்தில், மாவைக் கரைத்தாற்போல், நீர் புரண்டுகொண்டிருந்தது. ஆற்றின் அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கரையில் நின்ற எங்கள் உள்ளங்காலில் கேட்டது. அன்று மழை ஒரு துளி பெய்யவில்லை. காலையில் போன அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இரவு முழுவதும் மேலே பனி உறைந்து கிடப்பதால் விடியலில் ஆற்றுக்கு வரத்து குறைவு. சூரியன் ஏறினதும் உருகத் தொடங்குகிறது. ஆனால் உருகினது உடனே வந்துவிடுவதில்லை. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி உஷ்ணம் வேண்டும். புதுப்பனியோ தன்மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டு ஒன்பது பங்கை ஆகாயத்துக்கே திருப்பி அனுப்பிவிடும் கருமி. நாள்பட்டு, புழுதியும் புகைக்கரியும் படிந்து மங்கிய பனிதான் வெயிலை வாங்கிக்கொள்ளும். உருகிய நீர் பனிப்படலத்தின் ஊடே கசிந்து, அடிப்பாறையைத் தொட்டு, ஓடையில் இறங்கி வந்து சேர்வதற்குள் பிற்பகல் ஆகிவிடுகிறது. பனியாற்றுக்கு அருகிலுள்ள இடங்களில் பெருக்கு மாலையில் வரும். கீழே போகப் போக இன்னும் தாமதமாக வரும். மந்தாகினி தினந்தோறும் ஒரு சிறு வெள்ளத்தை அனுப்பிவைக்கிறாள். அதற்கு நாழிகைக் கணக்கு உண்டு. ஆகையால் ஸ்நானமோ, தர்ப்பணமோ, செம்பில் தீர்த்தம் எடுப்பதோ, எதுவாயினும் விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பித்ருக்களுக்கு அபராஹ்ணந்தான் உகந்தது என்று உங்களுடன் வரும் சாஸ்திரிகள் ஆட்சேபித்தால், தண்ணீரை விடியற்காலையிலேயே மொண்டு வைத்துக்கொண்டு, கரையை விட்டுத் தள்ளி மேட்டில் உட்கார்ந்து செய்யலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வெயில் செய்யும் இந்த வேலைக்குக் கணக்கு உண்டு. மழை வந்து பனியோடு கூடும்போதுதான் கணக்கு கெடுகிறது. பனியின்மேல் மழை பெய்தால் மழைநீரின் சூட்டில் பனி உருகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது அவ்வளவு உண்மையன்று. பத்து டிகிரி சூடுள்ள ஒரு லிட்டர் மழைநீர், பூஜ்யத்துக்குக் குளிர்வதற்குள், தன் எடையில் எட்டில் ஒரு பங்கு பனியைத்தான் உருக்க முடியும். உண்மையில் பனியைத் தின்பது மழையோடு கூட வரும் ஈரக்காற்று. அந்தக் காற்றிலுள்ள நீராவி, பனியின் குளிர்ந்த மேற்பரப்பில் பட்டு நீராக மாறும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய 600 கலோரி உஷ்ணத்தை அங்கே இறக்கிவைக்கிறது. அதைக் கொண்டு ஏழரைக் கிராம் பனியை உருக்கலாம். நம் வீட்டில் சாதம் வடிக்கும்போது கைமேல் ஆவி பட்டால், கொதிநீர் பட்டதைவிட அதிகமாகச் சுடுகிறதே, அதே நியாயந்தான். போதாக்குறைக்கு, ஏற்கெனவே நீர் ஊறி நிறைந்திருக்கும் பழம்பனி, மழையைத் தேக்கிக்கொள்ளும் சக்தியை இழந்து, மேலிருந்து விழுந்ததை அப்படியே கீழே விட்டுவிடுகிறது. மழையும் ஓடும், உருகினதும் ஓடும்.

2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்ததற்கு இதுவே பீடிகை. அந்த வருஷம் தென்மேற்குப் பருவக்காற்று அவசரமாக வந்தது. ஜூலை 15-ஆம் தேதி வாக்கில் தேசம் முழுவதையும் எட்டவேண்டிய காற்று ஜூன் 16-ஆம் தேதியே எட்டிவிட்டது. மேலை திசையிலிருந்து வந்த ஒரு குளிர்காற்றுச் சுழலும் அதே சமயத்தில் இமயத்தை அடைந்து, இரண்டும் கை கோத்துக்கொண்டன. சிகரங்களிலே குளிர்காலப் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. டேராடூனிலுள்ள வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனத்தார் சோராபாரி பனியாற்றின் அருகே, 3,820 மீட்டர் உயரத்தில், ஒரு மழைமானி வைத்திருந்தார்கள். ஜூன் 15-ஆம் தேதி மாலை ஐந்து மணி தொடங்கி மறுநாள் மாலை ஐந்து மணி வரையில் அதில் 325 மில்லி மீட்டர் மழை பதிவாகியது. அந்த உயரத்தில் அவ்வளவும் மழையாக விழுந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். மாலை ஐந்தே காலுக்கு சரஸ்வதி கரை உடைத்து, ஊரின் மேற்பகுதியை வாரிக்கொண்டு போனாள். ஆதிசங்கரர் சமாதி என்று வணங்கப்பட்டு வந்த இடம் அதில் போயிற்று.

அன்று இரவை உயிரோடு கடந்தவர்கள், இனிப் பயமில்லை என்று எண்ணியிருக்கக்கூடும். ஆனால் ஊருக்குச் சுமார் இரண்டு கிலோ மீட்டர் மேலே இருந்தது சோராபாரி ஏரி. காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948-இல் கரைக்கப்பட்டதிலிருந்து காந்தி சரோவரம் என்று பெயர் பெற்றது. 2012-இல், என் முதல் யாத்திரையில், மூச்சு வாங்க ஏறிப்போய் அதைப் பார்த்தேன். ஓரங்களில் பனி ஒட்டிக்கொண்டிருக்க, நடுவே கொஞ்சம் நீர், வானத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. பூகோள வாத்தியார் என்ற முறையில் நான் அங்கே ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும்: இந்த ஏரிக்கு மறுகால் எங்கே? நம் ஊர்ச் சிற்றேரிக்கும் மதகும் கலிங்கும் உண்டு. எந்தக் குடியானவனும் கலிங்கு இல்லாத ஏரிக்குக் கீழே குடிசை போடமாட்டான். அந்த ஏரிக்குப் போக்கு கிடையாது. பனியாறு தள்ளிவைத்த சரளையும் மண்ணுந்தான் அதன் கரை. நீர் அதற்குள் கசிந்து போய்க்கொண்டிருந்தது. நானோ கேள்வி கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் தண்ணீர் புட்டியை வாங்கிக் குடித்துவிட்டு, அமைதியான இடம் என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன். மறு வருஷம் ஜூன் 17-ஆம் தேதி காலை ஆறே முக்கால் மணிக்கு, மழையும் உருகிய பனியும் நிரம்பி, 400 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் 15 முதல் 20 மீட்டர் ஆழமுமாகப் பெருகிவிட்ட அந்த ஏரியின் கரை உடைந்தது. ஏரி காலியாவதற்குப் பத்து நிமிஷங்கூட ஆகவில்லை. ஆலயத்தின் பின்புறம் உருண்டு வந்து நின்ற ஒரு பெரும்பாறை பிரவாகத்தை இரண்டாகப் பிளந்து திருப்பிவிட்டதால் மூலஸ்தானம் தப்பியது. ராம்பாரா என்ற ஊர் இருந்த சுவடே இல்லாமல் போயிற்று. கௌரிகுண்டமும் சோன்பிரயாகையும் சிதைந்தன. மாநிலம் முழுவதிலும் மாண்டவர்களும் காணாமற்போனவர்களுமாக நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர். அந்தப் பாறையைப் பீமசிலை என்று இப்போது கும்பிடுகிறார்கள். நானும் 2018-இல் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு, இத்தனை பெரிய கல்லை உருட்டிக்கொண்டு வரக்கூடிய நீரின் உயரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று அண்ணாந்து பார்த்தேன். நீங்களும் ஒரு தடவை பாருங்கள்.

குற்றாலத்தில் நமக்கு இந்த அறிவு இருக்கிறது. அருவியின் நிறம் செம்மண் கரைத்தாற்போல் மாறினாலே, எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள்கூடத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். மேலே காட்டில் மழை பெய்திருக்கிறது என்று சிறு குழந்தையும் சொல்லும். மந்தாகினியோ வெயில் ஏறினால் தினந்தோறும் கலங்குகிறவள், பனியாறு அரைத்த பாறைமாவு அவள் உடம்பில் கலந்திருப்பதால். ஆகவே நிறத்தைக் கொண்டு குற்றாலத்தைப்போல் எளிதாகக் கண்டுபிடிக்க முடியாது. வெளிர்சாம்பல் நிறம் கரும்பழுப்பாக மாறுவது, நீரோடு வேரும் கிளையும் மிதந்து வருவது, கற்களின் ஓசை திடீரென்று கனப்பது ஆகியவை அபாயக் குறிகள். இவற்றைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஆற்றில் நீர் சட்டென்று வற்றினால், மேலே எங்கோ மலை சரிந்து ஆற்றை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி வற்றின ஆற்றில் கூழாங்கல் பொறுக்க இறங்குகிறவர்கள் உண்டு. அந்தக் கணத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: சாமானை விட்டுவிட்டு மேட்டைப் பார்த்து ஏறுவது.

மழைக்காலத்தை விலக்கிவிட்டால் தீர்ந்தது என்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை. அதே மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி, மழையே இல்லாத ஒரு காலையில், ரோண்டி சிகரத்தின் பக்கத்திலிருந்து பாறையும் பனிக்கட்டியுமாக 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் அளவுள்ள ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. விழுந்த வேகத்தின் உஷ்ணத்தில் பனிக்கட்டி உருகி, ரிஷிகங்கையிலும் தௌலிகங்கையிலும் சேற்று வெள்ளமாக இறங்கி, தபோவனத்து மின்திட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உட்பட இருநூறுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. இதற்கு நாழிகைக் கணக்கு எதுவும் உதவியிராது. அபூர்வமாக நேர்வது அது. அதை எண்ணிப் பயந்து வீட்டில் உட்கார வேண்டாம். வருஷந்தோறும் கணக்குப்படி நேர்வதற்கு ஆயத்தமாக இருந்தால் போதும்.

2013-க்குப் பிறகு, ராம்பாராவில் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் லிஞ்சோலி வழியாக ஏறும் புதுப்பாதை போட்டிருக்கிறார்கள். அகலமான நல்ல பாதை. ஆனால் 2024 ஜூலை 31-ஆம் தேதி இரவில் கொட்டிய மழையில் இதுவும் பல இடங்களில் அறுந்து, ஆயிரக்கணக்கானவர்களை மீட்டுக் கொண்டுவர நேர்ந்தது. காலை வேளையில் மலை நிர்மலமாக இருக்கும். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவு வழியே மேலே ஏறிக் குளிர்ந்து மேகமாகும். நண்பகலுக்கெல்லாம் கீழேயிருந்து மஞ்சு எழும்பி, உங்களுக்கு முன்னால் நடக்கிற மனிதரின் முதுகை மறைத்துவிடும். மாலையில் மழையோ ஆலங்கட்டியோ விழும். ஆகவே, விடியலில் புறப்பட்டுப் பிற்பகலுக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். மூச்சுத் திணறல், தலைவலி இவற்றைப் பற்றி உங்கள் வைத்தியர் சொல்வார்; காற்றின் அழுத்தம் அங்கே நம்மூரில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதை மட்டும் நான் சொல்லி வைக்கிறேன்.

ஹெலிகாப்டரில் போய்வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. வயோதிகர்களுக்கும் கால் முடியாதவர்களுக்கும் அது ஒரு வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் நடந்து போகிறவன் மேகத்தைக் கண்டால் ஒரு டீக்கடையில் ஒதுங்குகிறான். ஆகாயத்தில் போகிறவனுக்கு ஒதுங்க இடம் எங்கே? 2022 அக்டோபர் 18-ஆம் தேதி கேதாரத்திலிருந்து புறப்பட்ட ஒரு ஹெலிகாப்டர் மூடுபனியில் மலையில் மோதி ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் மூவர் நம் தமிழ்நாட்டிலிருந்து போன யாத்திரிகர்கள். 2025 ஜூன் 15-ஆம் தேதி கௌரிகுண்டத்துக்கு அருகே மீண்டும் ஒன்று விழுந்து ஏழு பேர். இன்று பறக்க முடியாது, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு விமானி சொன்னால், சாயங்காலம் டேராடூனில் ரயிலைப் பிடிக்கவேண்டும் என்று அவரை நெருக்காதீர்கள். நெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன், அதுவும் தமிழில்.

இப்போது ஆரம்பத்தில் கேட்ட இரண்டு நாளுக்கு வருகிறேன். நீங்கள் கையிருப்பாக இரண்டு நாள் வைத்துக்கொண்டு போனால், வானிலைத் துறையார் ஆரஞ்சு நிறத்திலோ சிவப்பிலோ எச்சரிக்கை விடுத்த அன்று, குப்தகாசியிலோ சோன்பிரயாகையிலோ நிம்மதியாக உட்கார்ந்துகொள்ளலாம். இல்லாவிட்டால், கோஷ்டியில் ஒருவர் தம் மகளின் வளைகாப்பு என்பார். ஒருவர் லீவு கிடையாது என்பார். மழை கொஞ்சம் விட்டாற்போலிருக்கிறது என்று மூன்றாமவர் தைரியம் சொல்வார். உங்களை அழைத்துச் செல்கிறவரும் மறுநாள் தங்கலுக்குப் பணம் கட்டிவிட்டவராதலால், தலையை ஆட்டிவிடுவார். இப்படித்தான் முப்பது பேர் மழையில் ஏறுகிறார்கள்.

நிறுத்திவைக்கப்படும் அந்த நாளைக்கு உங்களுக்கு ஒரு வேலை சொல்லித் தருகிறேன். சோன்பிரயாகையில் வாசுகி ஏரிப் பக்கத்திலிருந்து வரும் ஆறு மந்தாகினியோடு கலக்கிறது. காலையில் காப்பி குடித்ததும் கரைக்குப் போய், மேட்டிலேயே நின்றுகொண்டு, நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே தெரியும் கல்லாக ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோடு ஓடிய கல்லாக இருந்தால் மறக்காது. பத்து மணிக்கு ஒரு தடவை, பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை, விளக்கேற்றும் நேரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். கூட வந்திருக்கும் குழந்தைகளையும் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுங்கள். மறுநாள் விடியலில் கல் மறுபடி வெளியே வந்து காய்ந்திருந்தால், மூட்டையைக் கட்டலாம். வரவில்லையானால், சமையற்காரரிடம் இன்னொரு வேளைக்கு அரிசி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஒரு முதிய யாத்திரிகன்